நூறு சொல்லும் தெரு

காலையில் தெருமுனைச் சோதனைக் கதவான மூக்குவாசலில் மூச்சை ஊதி, பச்சை விளக்கு எரிந்தால்தான் தூத்துக்குடியில் யாரும் தெருவைத் தாண்ட முடியும். ஜலதோஷத்தை ஒழித்து ஒரு தலைமுறை ஆயிற்று. சளி இருந்து சிவப்பு எரிந்தால் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். சளிக்காவலர் அமலிக்கு அந்த வண்டியில்தான் வேலை.

அந்தப் பெருமையெல்லாம் இந்த வருஷம் காற்றில் போயிற்று. உலைக்காய்ச்சல் என்று ஒரு புது நோய் வந்து வீடு வீடாக வாரிக்கொண்டு போனது, பிள்ளைகளைத்தான் அதிகமாக. அமலிக்கு ஒரே மகள் ரோஸ்லின். பயத்தில் தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

என்ன மாயமோ, சங்குகுளிக்காரர் தெருவில் மட்டும் சாவே இல்லை! காய்ச்சல் அங்கேயும் வந்தது. ஆனால் படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்டார்கள். போய்ப் பார் என்று மேலிடம் அமலியை அனுப்பியது.

முதல் வீட்டில் செசிலி மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி ஏறி அமலி தும்மிவிட்டாள்.

"நூறு!" என்றாள் செசிலி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தும்மினால் ஆயுசு நூறு என்று வாழ்த்துகிற பழைய வழக்கம். நகரத்தில் இப்போது தும்மல் கேட்டால் ஓடத்தான் தெரியும்.

"என்னக்கா சொன்னிய?"

"வாய் தவறி வந்துட்டும்மா."

"தவறல. தினமும் சொல்ற வாய். இங்க சளி இருக்கு, அப்படித்தானே?"

செசிலிக்குக் கண் கலங்கிவிட்டது. "மூக்கு ஒழுகும், தானாப் போயிரும். வாசல்ல நெஞ்சுக்காத்தை அடக்கிட்டு வாய்க்காத்தை மட்டும் ஊதுவோம். சங்கு குளிக்கிறவங்களுக்கு மூச்சடக்கச் சொல்லியா தரணும்? வண்டியைக் கூப்பிட்டுராதம்மா."

அமலிக்குப் பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது. சளி உடம்பின் காவலை உசுப்பி வைக்கிறது. சளியைத் துரத்திய ஊரில் காவலும் தூங்கிவிட்டது. காய்ச்சல் என்ற திருடன் சாவகாசமாக நுழைகிறான். செசிலியைக் காட்டிக்கொடுக்காமல், தன் யோசனையாக மேலிடத்தில் சொன்னாள். சிரித்தார்கள்.

சிரிக்கட்டும் என்று மகளைக் கூட்டிவந்து, செசிலியின் மூக்கொழுகும் பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பிட வைத்தாள். ரோஸ்லினுக்குச் சளி பிடித்தது. பின்னாலேயே காய்ச்சலும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலி, நானே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேனா என்று புலம்பியபடி நெற்றித் துணியை நனைத்து நனைத்துப் போட்டாள்.

"அம்மா, பசிக்குது" என்றது பிள்ளை.

அமலி வாய்விட்டு அழுதாள். பிறகு மகளைத் தோளில் தூக்கி, தெருச்சனம் பின்தொடர, நேராக மேலிடத்துக்கே நடந்தாள். "இவ்வளவு பேரும் படுத்து எழுந்தவங்க. எண்ணிக்கோங்க!" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மூக்குவாசல்கள் அணைந்தன. சளி வாங்க ஊரே சங்குகுளிக்காரர் தெருவுக்குத் திரண்டு வந்தது. சாவு வண்டிகள் ஓய்ந்த பிறகு ஒருநாள், நெரிசலான பேருந்தில் ரோஸ்லின் தும்மினாள். பழைய பயத்தில் அமலியின் கை மகளின் வாயைப் பொத்தப் போனது.

அதற்குள் பேருந்து மொத்தமும் ஒரே குரலில் சொன்னது: "நூறு!"