புதுமண் மேட்டுச் செடி

நாற்பது நாள் காய்ந்த செடி விரலில் பச்சையாக ஒட்டியது. வைத்தியலிங்கம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மழைக்காலம், காகிதம் ஈரத்தை இழுத்திருக்கும், வேறென்ன என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஆனால் அதே அலமாரியில் மேலும் கீழும் இருந்த தாள்கள் அப்பளமாக மொறமொறத்தன.

கல்லூரியின் உலர்தாவர அறையில் அவர் ஒருவர்தான். ஐப்பசி மழையில் நான்கு மணிக்கே இருட்டியிருந்தது; கரண்டும் இல்லை. பாச்சை உருண்டை நெடி, பழைய பசையின் புளித்த வாடை, தாள்களில் பூச்சி ஏறாமலிருக்கத் தடவிய விஷ மருந்தின் காரம், எல்லாவற்றையும் தாண்டிச் சேறு மணத்தது. இரண்டாவது மாடியில் சேறு எங்கிருந்து வரும்?

ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். இந்தத் தாளைப் பார்க்கத்தான் வருகிறார்.

செய்த முட்டாள்தனத்துக்குத் தம்மையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. புரட்டாசியில் மச்சான் இராஜாங்கத்தின் வயலுக்குப் போனவர், வரப்போரம் பூத்திருந்த கரிசலாங்கண்ணியை வேரோடு பிடுங்கி வந்து தாளில் தைத்து, இருபது வருஷப் பழக்கத்தில் லேபிளும் எழுதிவிட்டார். இடம்: இராஜாங்கம் வயல், வடக்கு வரப்பு. மண்: புதிதாக வெட்டி மூடிய மேடு, ஆறடி நீளம். தேதியும் போட்டார். புது மேட்டில் பூத்த செடி எப்படி வந்தது என்றுகூட யோசிக்கவில்லை, மடையன்!

அதற்கு ஒரு வாரம் முன்புதான் மருதையன் காணாமல் போயிருந்தான். அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு ஆட்களைத் திரட்டியவன். பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று இராஜாங்கம் ஊரெல்லாம் சொல்லி வைத்தார். லேபிளைப் படித்த மாணவி ஒருத்தி ஊரில் போய்ச் சொல்ல, மருதையன் மனைவி அம்சவல்லி போலீசில் மனுக் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் இராஜாங்கம் இங்கேயே வந்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சென்னையில ஆட்சி மாறி, போலீசு மனு வாங்குனா என் வயலும் கை மாறிடுமா மாப்ளே? அந்த லேபிளைக் கிழிச்சுப் போடுங்க. இல்லாட்டி அதே வரப்புல உங்களுக்கும் எடம் இருக்கு."

"அம்சவல்லி காலையிலேருந்து கேட்டுல நிக்கிறா மச்சான்."

"நிக்கட்டுமே. கால் வலிச்சா போயிடுவா."

இப்போது வைத்தியலிங்கம் பிளேடை எடுத்தார். லேபிளை உரித்ததும் தாள் லேசாக உப்பி, மெல்லத் தணிந்தது. குப்பைக்கூடையில் போட்டால் தேடி எடுத்துவிடுவார்கள். சுருட்டி வாயில் போட்டு மென்று விழுங்கினார். மண் ருசித்தது.

புது லேபிளில் எழுதினார்: தாராசுரம், வாய்க்கால் கரை.

வேர் அசைந்தது.

அசையவில்லை. காற்று. ஜன்னல் மூடியிருக்கிறதே!

குனிந்து பார்த்தார். வேரிடுக்கில் கறுப்பாக ஏதோ. மயிர். நரை கலந்த மனித மயிர். அது காலையில் இல்லை. பிளேடை வைத்து வேரை அறுத்தார்.

வலித்தது. தொண்டைக்குள்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். கூடவே வெறுங்கால். கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்தார். அவருக்குப் பின்னால் நனைந்த புடவையோடு அம்சவல்லி.

"ஐயா, நீங்க படிச்சவங்க" என்றாள். "இந்தச் செடி எங்க மொளைச்சுது? அதை மட்டும் சொல்லுங்க. அவரு செத்துருந்தா எங்கையால ஒரு பிடி மண்ணு போடணும்யா."

"தாராசுரம்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

சேறு வந்தது.

கறுத்த வயல் சேறு. தாடை வழியாக, சட்டை வழியாக, மேசைத் தாள்கள்மேல். வாயை மூடப் பார்த்தார். முடியவில்லை. இன்ஸ்பெக்டர் சுவரோடு ஒண்டினார். அம்சவல்லி மட்டும் நகரவில்லை. குனிந்து சேற்றைத் துழாவினாள். ஒரு செம்புத் தாயத்தை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"எம் புருசனோடது" என்றாள்.

வைத்தியலிங்கத்துக்கு மூச்சு நின்றது. தொண்டையில் கனமாக ஏதோ ஏறியது. நிதானமாக.

உள்ளிருந்து நான்கு விரல்கள், நகக்கண்ணெல்லாம் சேறாக, அவருடைய கீழ்ப்பற்களைப் பற்றிக்கொண்டன.

அம்சவல்லி கையை நீட்டினாள்.