நீதிபதியின் புருவத் தழும்பு

சுவர்த் தணிக்கை காலை பத்து மணிக்கு என்று அறிவிப்பு வந்திருந்தது. சண்முகவடிவு எட்டு மணிக்கே நீதிபதியைத் துடைத்துவிட்டாள். கூடத்துச் சுவரில், கித்தான் படத்தில், சுருள் சுருளான பொய்முடியும் கழுத்துப் பட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். 'பெயர் தெரியாத நீதிபதி, செதுக்கோவியம்' என்று மரச்சட்டத்தில் அரசு முத்திரை. திருநெல்வேலியின் அந்த நாற்பது மாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு துரை இப்படிச் சுவரில் இருந்தார். எதிர்வீட்டுக் கப்பல் தளபதிக்கு வெள்ளிதோறும் குங்குமம்கூட வைத்தார்கள். மனிதனுக்குச் சுவரில் ஒரு முகம் வேண்டியிருக்கிறது; யாருடையதாக இருந்தால் என்ன?

சொந்த முகங்களுக்குத் தடை. போட்டோக்களிலிருந்து முகப்போலிகள் பிறந்து, செத்த தகப்பன் திரையில் வந்து பேசிப் பிள்ளைகளைக் கலவரத்துக்கு அனுப்பிய பிறகு முகக்காப்புச் சட்டம் வந்தது. எல்லாப் போட்டோக்களும் அழிக்கப்பட்டன. கேமரா பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர்களின் செதுக்கோவியங்கள் மட்டும் சுவரில் தொங்கலாம்.

ஆனால் இந்த நீதிபதி நீதிபதியே அல்ல. பொய்முடிக்குக் கீழே இருந்தவன் நம்பிராஜன், இருபத்திரண்டு வயதில் விஷக்காய்ச்சலில் போன சண்முகவடிவின் ஒரே பிள்ளை. ஐந்து வருஷத்துக்கு முன், படங்களை ஒப்படைக்கும் கெடு நெருங்கியபோது, அவன் அப்பா ஆவுடையப்பன் கடைசிப் போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் செப்புத் தகட்டில் வெட்டினார். பாத்திரக் கடையில் முப்பது வருஷம் பெயர் வெட்டிய கை. தகட்டில் மை தடவிக் கித்தானில் ஒற்றி எடுத்துவிட்டு, தகட்டைத் தாமிரபரணியில் போட்டார். பழைய துரைமார் படக் கட்டு ஒன்றில் செருகிக் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்; இதுவரை யாரும் சோற்றைக் கிளறவில்லை.

இந்த வருஷம் அறிகண் வந்துவிட்டது. படத்தை விட்டுவிட்டுப் பார்ப்பவரைச் சோதிக்கும் கருவி அது. உறவின் முகத்தைக் கண்டால் கண்மணி ஒரு கணம் விரிந்துவிடும், எந்தச் சித்தராலும் அதை அடக்க முடியாது. தினம் பார்த்துப் பழகிய படத்துக்கும் பெற்றெடுத்த முகத்துக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும். சிவப்பு எரிந்தால் படத்தை வாசலிலேயே கொளுத்துவார்கள். போன வாரம் மேல்மாடியில் ஒன்று எரிந்தது, அந்த வாடை இன்னும் படிக்கட்டில் இருக்கிறது.

தணிக்கையாளர் ஷெரின் சொன்ன நேரத்துக்கு வந்தாள். தண்ணீர் மட்டும் கேட்டுக் குடித்தாள். நான் பார்க்கிறேனே என்று ஆவுடையப்பன் முன்னால் வந்ததற்கு, பட்டியலில் அம்மா பெயர்தான் வந்திருக்கிறது என்று பணிவாகச் சொல்லிவிட்டாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நேராப் பாருங்கம்மா. பத்து விநாடிதான்."

கத்திரிக்காய் விலையை நினைத்துக்கொள் என்று ஒரு வாரமாகக் கணவர் சொல்லிக்கொடுத்திருந்தார். கத்திரிக்காயாவது மண்ணாவது. வலது புருவத்தில் அந்தத் தழும்பு. ஐந்து வயதில் ஊஞ்சல் சங்கிலி பட்டது. 'ராஜா' என்று நெஞ்சு கூப்பிட்டுவிட்டது. போச்சு, பிள்ளையை நானே கொளுத்திவிட்டேன் என்று நினைத்தாள். விநாடிகள் நகரவே இல்லை.

கருவி பச்சை காட்டியது.

"பழகின படம், அவ்வளவுதான். ஒண்ணுமில்லம்மா," என்றாள் ஷெரின். கையெழுத்து வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தளபதியைப் பார்க்கப் போனாள்.

கதவு சாத்தியதும் ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பொழச்சோம் வடிவு."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அவனைத் தெரியலன்னுல்லா சொல்லுது."

கருவிக்கு என்ன தெரியும், இரும்புச் சாமான் என்று அவர் சமாதானம் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"என்னங்க, புள்ளைக்குத் தழும்பு எந்தப் பக்கம்?"

"வலது புருவத்துல. அந்தா இருக்குல்லா."

"அது படத்துல. அவனுக்கு?"

ஆவுடையப்பன் படத்தின் அருகே போனார். பாத்திரத்தில் பெயரை நேராகத்தான் வெட்ட வேண்டும். ஆனால் ஒற்றி எடுக்கும் தகட்டில் இடவலம் மாற்றி வெட்டினால்தான் படம் சரியாக விழும். அவர் வாழ்க்கையில் வெட்டிய ஒரே ஒற்றுத் தகடு அதுதான். மாற்றி வெட்டினாரா, பழக்க தோஷத்தில் நேராக வெட்டிவிட்டாரா? அவர் தன் இடது புருவத்தைத் தொட்டார். பிறகு வலது புருவத்தைத் தொட்டார். பார்த்துத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரு போட்டோ இல்லை.

"ஞாபகம் இல்ல வடிவு," என்றார்.

சண்முகவடிவு தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மடியில் அவன் தலை இருப்பதுபோல் இரண்டு கைகளையும் காற்றில் வைத்தாள். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்க்கும்போது, வலிக்குமோ என்று தழும்பை விட்டு ஒரு கட்டைவிரல் விலகிப் போகும். எந்தக் கையின் விரல் என்று மெல்லத் தடவிப் பார்த்தாள்.

இரண்டு விரல்களுமே விலகின.