முயல்காது முடிச்சு

முற்பகல், பாட்டு வகுப்பு முடிந்த நேரம்.

அமைதி அறையின் கதவை முதலில் திறந்தது ஆயாதான். அவள் பின்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றன. உள்ளே ஒரு பார்வை பார்த்தாள், கதவைச் சாத்தினாள்.

"உள்ள தண்ணி கொட்டிக் கிடக்கு. எல்லாரும் தோட்டத்துக்குப் போங்க, போங்க கண்ணுங்களா."

அந்தப் பொய்யை அவ்வளவு நிதானமாகச் சொல்ல அவளுக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ. பிள்ளைகள் போன பிறகு, சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே, பாயின் மேல், கணக்கு வாத்தியார் குப்புறக் கிடந்தார்.

அரசாங்கத்தின் கையும் முதலாளியின் கையும் படாமல் தானாக நின்ற பள்ளிக்கூடம் அது. பல பாஷை, பல சாமி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி வந்த வீடுகளும் உண்டு, பரம்பரைப் பணக்கார வீடுகளும் உண்டு. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையை இங்கே சேர்த்துக்கொள்வார்கள். அமைதி அறையும் அதற்காகக் கட்டியதுதான். படம் இல்லை, விளக்கு இல்லை. பாய்களும் ஒரு கல் ஜன்னலும் மட்டும். அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம், சாமி இல்லாதவர் சும்மா இருக்கலாம். காலில் போட்டதைக் கழற்றிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவரும் வாசலில் பூட்ஸைக் கழற்றினார். நடுத்தர வயதுப் பெண், பேச்சு குறைவு. உடன் வந்த காவலருக்கு அதற்கும் சேர்த்துப் பேச்சு.

வாசலுக்கு வெளியே தரையில் ஒரு மர அடுக்கு, பெரியவர்களின் செருப்புக்கு. மேலே சுவரில் வரிசையாக ஆணிகள், காலையில் வந்ததும் ஷூவைக் கழற்றி மாட்டும் சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு. ஒரே மாதிரி ஷூக்கள் ஜோடி மாறிவிடும் என்பதால், ஒரு ஜோடியின் கயிறுகளை ஒன்றாக முடிந்து ஆணியில் மாட்டுவது அந்தப் பள்ளியின் பழக்கம். குட்டி ஷூக்கள் இரண்டுக்கு நடுவில் பெரிய கறுப்பு ஷூ ஒரு ஜோடி தொங்கியது.

"எலிக்குட்டிங்களுக்கு நடுவுல எருமை மாதிரி இருக்குங்க மேடம்," என்றார் காவலர்.

"யாரோடது?"

"செத்தவரோடதுதான். காலுல சாக்ஸ் மட்டும்தான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் ஆணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சில ஷூக்களில் கயிறு ஒன்றுக்கு இரண்டாக இறுக்கி முடிந்திருந்தது. சிலவற்றில் முயல்காது போல இரண்டு வளையம், அந்த வளையங்களையும் ஷூவுக்குள்ளேயே செருகியிருந்தது. கறுப்பு ஷூவிலும் வளையங்கள் உள்ளேதான் இருந்தன.

பெரிய டீச்சர் வந்தார். பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். தலை முழுக்க நரை. இன்றைக்கும் சின்ன வகுப்பு அவருடையதுதான்.

"திங்கக்கிழமைதான் வேலையில சேர்ந்தார். நெஞ்சு வலியா இருந்திருக்கும். உள்ள வந்து உட்கார்ந்திருப்பார், எந்திரிக்கிறப்போ விழுந்து ஜன்னல்ல தலை இடிச்சிருக்கும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்லம்மா. நான் அலுவலகத்துல இருந்தேன். மதியம் கல்வி அதிகாரிங்க வர்றாங்க. இந்த வருஷ அனுமதிக்காக."

காயம் பின்மண்டையில் இருந்தது. ஆள் ஜன்னலைப் பார்த்துக் குப்புறக் கிடந்தார். ஜன்னல் கல்லில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. சட்டைப் பையில் ஒரு சிவப்பு மரமணி மட்டும் கிடைத்தது.

ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"இந்த ரூமுக்குள்ள அவரு வரவே மாட்டாரும்மா. முதல் நாளே கூப்பிட்டேன். 'எனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சு ரொம்ப நாளாச்சு ஆயா, ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கோம்'னு சிரிச்சாரு. வாசப்படி பக்கம்கூட வரல."

இதற்குள் காவலர் ஒரு செய்தி பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் கணக்கு வாத்தியாருக்கும் வாசலிலேயே வாய்ச்சண்டை. பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஓட்டுநர் பேருந்து பக்கத்தில் நின்றார். கையில் ஈரத்துணி.

"சண்டை எதுக்கு?"

"எம் பொண்ணைக் கீழ் வகுப்புக்கு அனுப்புறேன்னாரு. கணக்கு வரலயாம். வரும் மேடம். எங்க வீட்டுப் பாஷையில கேட்டா ஓடுவா, இங்கத்த பாஷையில கேட்டா நொண்டுவா. அதைத்தான் சொன்னேன்."

"அதை மட்டுமா?"

ஓட்டுநர் துணியை முறுக்கினார். "'மேல நிக்கிறவன் ஒருநாள் கீழ விழுந்துதான் ஆகணும்'னும் சொல்லிட்டேன். கோவம்."

"பாட்டு நேரத்துல எங்க இருந்தீங்க?"

"பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனேன். அவரு வகுப்பு மாடியில."

"எதுக்கு?"

"மன்னிப்பு கேக்க."

"நல்ல கதை," என்றார் காவலர்.

"கதை இல்லீங்க. இங்க வேலை செய்யறவங்க புள்ளைக்குத்தான் இலவச இடம். என் வேலை போனா அவ இடமும் போச்சு. ரெண்டு பள்ளிக்கூடத்துல பாஷை தெரியலன்னு கதவைச் சாத்துனாங்க. இது மூணாவது. என் வாய்க்கொழுப்புல இதுவும் போயிடுமோன்னு பயந்துதான் போனேன். ஆளைக் காணோம். படி ஈரமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

"மழையே இல்லியே, படி எப்படி ஈரமாகும்?" என்றார் காவலர்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஈரத்துணி, சண்டை, சாபம், சாட்சி இல்லாத நேரம். காவலருக்கு அது போதும். ஓட்டுநரை ஜீப்பில் ஏற்றினார். அடிபட்ட மாடு வண்டியில் ஏறுவது போல எதிர்ப்பில்லாமல் அவர் ஏறி உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை, ஆனால் ஜீப்பை எடுக்கவும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார். ஆயாவும் கூட வந்தாள். எல்லாப் படியும் அழுக்கேறிக் கறுத்திருக்க, அடியிலிருந்த படி மட்டும் தேய்த்துக் கழுவியது போல வெளுத்திருந்தது. இன்ஸ்பெக்டர் மேலே ஏறிக் கைப்பிடியைப் பிடித்தார்.

"அங்க பிடிக்காதீங்கம்மா," ஆயா பதறினாள். "அந்த வளைவுல கம்பி கழண்டு கெடக்கு. ரொம்ப நாளா அப்படித்தான். புள்ளைங்களே சுவரோரமாத்தான் இறங்கும். எல்லாருக்கும் தெரியும்."

"புது வாத்தியாருக்கு யாரு சொன்னது?"

ஆயா கழண்ட கம்பியைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரியும்னுதான்..." என்று முடிக்காமல் விட்டாள்.

படிக்கு அடியில் தண்ணீர் ஓடும் கால்வாயில் இலைச்சருகுக்குள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஏதோ தெரிந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து எடுத்தார். மரமணிகள். சட்டைப் பையில் இருந்ததன் கூடப்பிறந்தவை.

"இது எங்க இருக்கும்?"

"மாடியில, சாமான் ரூம்ல. பாஷை தெரியாத புள்ளைங்களுக்கு இதை வச்சுத்தான் கணக்கு சொல்லித் தருவோம். எண்ணுறதுக்குப் பேச்சு வேண்டாம் பாருங்க." ஆயா நிறுத்தினாள். "இந்த வருஷம் அப்படி ஒரு புள்ளதாம்மா இருக்கு. டிரைவர் பொண்ணு."

"குழந்தைங்க ஷூவை யாரு முடிஞ்சு விடுவாங்க?"

"நானும் பெரிய டீச்சரும். நான் முடிஞ்சா வீட்டுக்குப் போயும் அவுக்க முடியாதுன்னு அம்மாமாருங்க திட்டுவாங்க." அந்த நேரத்திலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வந்ததற்காக உடனே அழுதாள்.

முன்வாசலில் ஜீப்புக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் மகள் நின்றிருந்தாள். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அப்பா தங்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொல்ல, அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஓடி வந்த வேகத்தில் ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து மண்ணில் புரண்டது.

பெரிய டீச்சர் அலுவலகத்திலிருந்து வந்தார். சிறுமியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்க்கவில்லை. முட்டி வலியோடு மண்ணில் மண்டியிட்டு, "தடுக்கி விழுந்துடுவ கண்ணு," என்று கயிற்றை எடுத்தார். ஒரு முயல்காது, இன்னொரு முயல்காது, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. பிறகு இரண்டு காதையும் விரலால் ஷூவுக்குள் செருகினார். கண் வேறு எங்கோ இருந்தது. கை தானாகச் செய்தது.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு முதல்முறையாக அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"டீச்சர், உள்ள போய்ப் பேசலாம்."

அலுவலக மேசையில் அதிகாரிகளுக்காக அடுக்கிவைத்த தேநீர்க் கோப்பைகள் துணியால் மூடியிருந்தன. இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை.

"இந்தப் பள்ளிக்கூடத்துல பெரியவங்க ஷூவைக் கழட்டினா கீழ அடுக்குல விடுவாங்க. முடிஞ்சு ஆணியில மாட்டுறது குழந்தைங்களுக்கு மட்டும். திங்கக்கிழமை வந்தவருக்கு அந்தப் பழக்கம் எப்படித் தெரியும்? ரூமையே எட்டிப் பார்க்காத மனுஷன். வேற யாரோ அவர் காலுல இருந்து கழட்டியிருக்காங்க. கழட்டினவங்களுக்கு ஷூவைத் தொட்டா கை ஒரே ஒரு வேலைதான் செய்யும்."

பெரிய டீச்சர் தம் கைகளை மடியில் வைத்துப் பார்த்தார்.

"டிரைவர் போடுறது செருப்பு, அவருக்குக் கயிறே பழக்கமில்ல. ஆயா பாட்டு வகுப்புல குழந்தைங்களோட இருந்தாங்க, அவங்க முடிச்சும் வேற. காதை உள்ள செருகுறது நீங்க. அவர் மணிப்பையோட மாடியில இருந்து இறங்கியிருக்கார். கம்பியைப் பிடிச்சார், கம்பி வந்துடுச்சு. பின்மண்டை கடைசிப் படியில பட்டுது. நீங்க பாயில போட்டு இழுத்துட்டு வந்தீங்க, படியைக் கழுவினீங்க, மணியைப் பொறுக்கினீங்க. கால்வாயில விழுந்தது உங்க கண்ணுல படல. டிரைவர் சொன்ன ஈரம் அதுதான்."

"சத்தம் கேட்டு ஓடினேன்," என்றார் பெரிய டீச்சர். குரல் தெளிவாக இருந்தது. "கூப்பிட்டேன். கையைப் பிடிச்சுப் பார்த்தேன், நாடி தெரியல. மதியம் அதிகாரிங்க வர்றாங்க. படிக்கட்டுல ஒரு சாவுன்னா அன்னிக்கே பூட்டிடுவாங்க. பூட்டினா இந்தப் பிள்ளைங்களை யாரு எடுப்பாங்க? ஒவ்வொண்ணும் எத்தனை வாசல்ல திரும்பி வந்த பிள்ளைன்னு எனக்குத் தெரியும். போன உயிர் போச்சு, இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு நினைச்சேன்."

"காப்பாத்தணும்னு நினைச்ச பிள்ளையில ஒண்ணோட அப்பா ஜீப்புல இருக்கார்."

"சொல்ல வாயெடுத்தேன்."

"எடுத்தீங்க. வெளிய வரல."

தோட்டத்தில் பிள்ளைகள் பல பாஷையில் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. விழுந்த உடனே போயிட்டார்தானே?"

உடலைப் பார்த்த மருத்துவர் சொல்லியனுப்பியது இன்ஸ்பெக்டருக்கு முன்பே வந்திருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"இல்ல டீச்சர். கொஞ்ச நேரம் மூச்சு இருந்திருக்கு."

பெரிய டீச்சர் அழவில்லை. ஆயிரம் பிள்ளைகளைத் தூக்கிய தோள் இரண்டும் ஒரேயடியாகக் கீழே இறங்கின. எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எடுத்துக்கொள்ள மறந்து வெளியே நடந்தார்.

ஓட்டுநரை இறக்கிப் பெரிய டீச்சரை ஏற்றினார்கள். காவலர் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"உங்க மேல ஒண்ணும் இல்ல, போகலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். அவர் மணி எடுத்துட்டு இறங்கினது உங்க பொண்ணுக்காக. பாஷையில்லாம கணக்கு சொல்லித்தர. காலையில நீங்க சொன்னதை அவர் காதுல வாங்கியிருக்கார்."

ஓட்டுநர் பேருந்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவளைக் கீழ் வகுப்புக்கு அனுப்பல?"

"அனுப்பல."

"நான் சொன்ன வார்த்தை..." என்றார்.

ஆயா சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதிகாரிகள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாகச் சொன்னாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குமா என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"வாத்தியாருக்கு யாரு இருக்கா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"அம்மா மட்டும்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "சொல்லியாச்சு. சாயங்கால ரயில்ல வர்றாங்க. நாங்க ஜீப் அனுப்புறோம்."

"வேண்டாங்க மேடம். ரயிலை விட்டு இறங்கினதும் போலீஸ் ஜீப்பைப் பார்த்தா அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்? புள்ளைங்களை வீட்ல விட்டுட்டு நான் போறேன்."

"என்ன சொல்லுவீங்க அவங்ககிட்ட?"

ஓட்டுநர் பேருந்தின் கதவைத் திறந்தார்.

"எம் பொண்ணோட வாத்தியார்னு சொல்லுவேன்," என்றார். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.