பெர்சிஸ் டீச்சரின் பதியாத உயில்

காலை 7.10. பெர்சிஸ் டீச்சரை அடக்கம் செய்த மூன்றாம் நாள். கல்லறைக்குப் போய்த் திரும்பியவர்கள், பாளையங்கோட்டை வீட்டில் அவர் பீரோ திறந்து கிடப்பதைக் கண்டார்கள். சேலையும் சான்றிதழ்களும் தரையில் சிதறிக் கிடந்தன. மேல்தட்டில் கீர்த்தனைப் புத்தகமும் அதன்மேல் வேதப்புத்தகமும் மட்டும் குலையாமல் இருந்தன. வேதப்புத்தகத்துக்குள் இருந்த உயிலைக் காணவில்லை.

கல்யாணம் கட்டாத டீச்சர் இருபது வருடம் வளர்த்த ரீபாவுக்கே வீடு என்று எழுதிய உயில் அது. அது பீரோவில் இருக்கிறது என்று, சாட்சிக் கையெழுத்துப் போட்ட கிரேஸ் முந்தின நாள் ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள். டீச்சர் அதைப் பதியவில்லை. பதிந்தால் அண்ணன் காதுக்குப் போய்விடும். அண்ணன் பாக்கியசீலன் ஓய்வுபெற்ற சார்பதிவாளர்.

அவர்தான் இப்போது விசாரித்தார். குடும்ப விஷயம் போலீசுக்குப் போவதில் அவருக்குச் சம்மதமில்லை.

7.40. அவர் மகன் எபி கல்லறைக்கு மாலை வாங்கிக்கொண்டு பிந்தி வந்தவன். அவன், முன்பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் மந்திரமூர்த்தியைக் கைகாட்டினான். ரீபா காலிபண்ணச் சொல்வாள் என்ற பயமாம். மந்திரமூர்த்தியும் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருந்தார்.

பாக்கியசீலன் அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்தே கேட்டார்.

"நாலு வருசத்துல இந்த அறைக்குள்ள காலெடுத்து வச்சதில்ல, அண்ணாச்சி. என் வீட்டைச் சோதிச்சுக்கிடுங்க."

8.00. ரீபாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நான் அம்மா கல்லறையிலேயே இருந்தேன், சார்."

அம்மாவின் அண்ணனை மாமா என்று கூப்பிடக்கூடாது என்று ஐந்து வயதில் அவளுக்குச் சொன்னவர் அவர்தான்.

பீரோவின் மேல்தட்டை நெடுநேரம் பார்த்தார். 8.20க்கு எபியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எல்லாத்தையும் வாரி எறிஞ்சவனுக்கு வேதத்தைக் கீழ போட மனசு வரல. கீர்த்தனைப் புத்தகத்தை அடியில வச்சு, வேதத்தை மேல வச்சிருக்கான். வேதத்துமேல எதையும் வைக்காத வீட்டுல வளந்தவன் கை அது. ரீபா தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போடமாட்டா. உயில் இல்லன்னா வீடு எனக்கு, எனக்குப் பொறவு உனக்கு. நான் எடுக்கல. தாளை எடு லே."

எபி சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். கிழிக்கவில்லை.

"அவ நம்ம ரத்தம் இல்லன்னு சொன்னது யாரு? அத்தை தத்தெடுக்கப் போனப்போ குடும்பப் பேரு கெட்டுப்போகும்னு எழுதிக்கொடுத்துத் தடுத்தது யாரு? நீங்க பேனா பிடிச்சுச் செஞ்சிய. நான் கையால செஞ்சேன்."

பாக்கியசீலன் தாளை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

9.00. மந்திரமூர்த்தியின் வாசலுக்குப் போய்க் கைகூப்பினார். பிறகு உயிலை ரீபாவிடம் நீட்டி, எடுத்தது தன் மகன் என்று சொன்னார். அவள் வாங்கி மடித்துக்கொண்டாள். அவர் போகாமல் நின்றார்.

"ரொம்ப நன்றி, சார்" என்றாள் ரீபா.