திருச்சானூர் வீட்டுச் சமையலறை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது, ஆனால் சமையலறை மட்டும் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். வேளாவேளைக்குப் போனில் சொல்லி வரவழைத்துத் தின்கிற கூட்டத்துக்கு மேடை என்ன, அலமாரி என்ன. ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற அக்ஷயா என்ற பெண் வாடகைக்கு வீடு பார்க்க வந்து, கடப்பாக் கல் தட்டுகளையும் கரிப்பிடித்த சுவரையும் கண்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு போனாள். அவளுக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பிறகுதான் வீட்டுச் சொந்தக்காரர் கிளமென்ட் டைல்ஸ் ஒட்ட ஒப்புக்கொண்டார்.

அவர் இருப்பது சித்தூரில். முட்டி வலியோடு தினமும் திருப்பதிப் பக்கம் பஸ் ஏற முடியாது. வெல்ல மண்டியில் எடை போட்டுக் கிழமானவர். உருண்டைக்குள் மண்ணை வைத்துப் பிடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எந்த மனிதனையும் நம்பாதவர். டைல்ஸ் ஒட்டுகிற கங்காதர நெல்லூர்க்காரன் ரகுவை வேலைக்கு வைத்ததும் முதலில் பூட்டுக்குத்தான் ஏற்பாடு செய்தார். மேஸ்திரி என்கிறவன் இங்கே கரணையை வைத்துவிட்டு இன்னொரு வீட்டில் வேலை செய்துகொண்டிருப்பான். ஆகவே எதிர்வீட்டுத் தையற்காரி ஜமீலா காலையில் அவனை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அவன் போனில் வீடியோ போட்டு வேலையைக் காட்டி, கிளமென்ட் சரி என்றால்தான் திறக்க வேண்டும். டைல்ஸ் அறுக்கும் அவனுடைய மெஷினும் உள்ளேயே இருக்கும். அது இருந்தால் மறுநாள் தானாக வருவான்.

"ஆடு மாட்டையா அடைக்கிறோம், பாவம்ணா" என்றாள் ஜமீலா.

"மாட்டைக் கயித்துல கட்டுனா நிக்கும்மா. இவன் நிப்பானா?"

பழைய காரையைக் கொத்திவிட்டு முதல் வரிசை ஒட்டிய அன்று சாயங்காலம், வீடியோவில் பின்சுவர் ஜன்னல் மூலைக்குப் பக்கத்தில் தெரிந்தது. ஜன்னலுக்கும் இடப்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு ஃப்ரிஜ் தாராளமாக நிற்கும். இப்போது ஒரு நாற்காலி நிற்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

சுவர் கோணல், அதை மறைக்கக் கலவையைக் கனமாக அப்பியிருக்கிறான் என்று கிளமென்ட் திட்டினார். ரகு மறுத்தான், எப்போதும் போடுகிற கனம்தான் என்றான். சொல்லும்போது உள்ளங்கையைச் சுவரில் வைத்தான், உடனே எடுத்து வேட்டியில் துடைத்தான்.

மறுநாள் வீடியோவில் ஜன்னல் மூலையிலேயே இருந்தது. அதற்கடுத்த நாள் பாதி ஜன்னல்தான் இருந்தது. மீதிக் கம்பிகள் வெள்ளை டைல்ஸுக்குள் போயிருந்தன, வெட்டிப் பொருத்திய அடையாளம் எங்கேயும் இல்லாமல். போனின் கரகரப்புக்கு அடியில், கொப்பரையில் வெல்லப்பாகு ஆறும்போது மெல்ல அடங்கி மெல்லப் பொங்குமே, அந்த மாதிரி ஒரு கனத்த சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று கிளமென்ட் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஒரு கதை சொல்வான்.

கேட்காமலே சொன்னான்.

"சுவரு முன்னால வருது சார். நான் ஒட்டினது ரெண்டு வரிசைதான். மீதிய நான் ஒட்டல."

"நீ ஒட்டல, உன் மாமனார் வந்து ஒட்டினானா?"

ரகு சிரிக்கவில்லை. மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன், வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றான். மெஷின் வேலை முடிந்த பிறகு என்று கிளமென்ட் சொல்லிவிட்டார். வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, அதுதான் பேய்க் கதை. இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேரை மண்டியில் பார்த்திருக்கிறார்.

அடுத்த நாள் மத்தியானமே போன் வந்தது. ரகு கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. சமையலறைக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன், ஜமீலாக்காவைப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள் என்றான்.

கிளமென்ட் சாவகாசமாக வெந்நீர் குடித்தார். பின்சுவர் டைல்ஸ் சந்துகளில் வெள்ளைச் சிமெண்ட் பூசி முடி, உள்ளே நின்று காட்டு, அப்புறம் திறக்கச் சொல்கிறேன் என்றார்.

"உள்ள நின்னா காட்டணும்?"

"உள்ளதான். வெளிய நின்னு எந்த ஊருச் சுவரைக் காட்டுவ?"

அவன் கரணையைக் கையில் எடுத்தான். பிறகு எழுந்து போனான்.

மறுபடி வீடியோ வந்தபோது திரை முழுக்க வெள்ளை. கிளமென்ட் போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். வெள்ளைதான். டைல்ஸ். ரொம்பக் கிட்டத்தில். போன் திரும்பியது. அங்கேயும் டைல்ஸ். மேலே திரும்பியது. விளக்கு இருந்த இடத்தில் டைல்ஸ். எங்கிருந்து வெளிச்சம் வருகிறதென்று தெரியவில்லை. ஒரு தோள். ஒரு காது, சப்பையாக அழுந்திய காது. மூச்சு. பாகு ஆறும் சத்தம்.

அதுவரை சார் என்று கூப்பிட்டவன் குரலை இறக்கிக்கொண்டான்.

"நைனா. தொறக்கச் சொல்லு நைனா."

கிளமென்ட் போனை வைத்தார். நாடகம். மூலையில் ஒடுங்கி நின்று படம் பிடிக்கிறான். ஜமீலாவைக் கூப்பிட்டார். உள்ளே சத்தமே இல்லை, திறக்கட்டுமா என்று அவள் கேட்டாள். திறந்தால் ஓடிவிடுவான், நானே வருகிறேன் என்று பஸ் ஏறினார்.

வெயில் சாயும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஜமீலா நூல் ஒட்டிய புடவையோடு கேட்டருகில் நின்றாள். அவளிடம் சாவியை வாங்கி, அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனார். கூடத்தில் ஒரு சோற்றுத் தூக்கு, திறக்காமல். அறுக்கும் மெஷின். ஒரு ஜோடி செருப்பு.

சமையலறை வாசல் இருந்த இடத்தில் டைல்ஸ்.

நிலைக்கு நிலை, அச்சு வைத்த மாதிரி. மேடில்லை, பள்ளமில்லை. பழைய எண்ணெயும் புளியும் புகையும் கலந்த வாடை, அவர் பெண்டாட்டி உயிரோடு இருந்தபோது அந்த அறைக்கு இருந்த வாடை, எந்தத் துளையிலிருந்தோ வந்தது. சந்துகளில் வெள்ளைச் சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முழங்கால் உயரத்தில் ஒரு சந்திலிருந்து சிமெண்ட் நூல் மாதிரி வெளியே வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ நகத்தால் தள்ளுகிற மாதிரி. துளை விழுந்தது. துளையிலிருந்து சூடாகக் காற்று வந்தது, போனது, வந்தது.

வேலை சுத்தமில்லை என்று கிளமென்ட் முணுமுணுத்தார். கஷ்டப்பட்டுக் குனிந்து, கட்டைவிரலால் சிமெண்டைத் துளைக்குள் அழுத்தி அடைத்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எங்கண்ணா அவன்?" என்றாள் வெளியே நின்ற ஜமீலா.

"பின்பக்கமா ஓடிட்டான், திருட்டுப் பய."

"பின்பக்கம் வழியே இல்லையேண்ணா."

"ஓடுறவனுக்கு வழியா இல்ல" என்று சொல்லி ஆட்டோ நிற்கும் முனையைப் பார்த்து நடந்தார். பின்னால் ஜமீலா வீட்டுக்குள் போகும் சத்தம் கேட்டது. பிறகு அவள் ரகு, ரகு என்று சுவரோடு பேசத் தொடங்கினாள், ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையோடு பேசுகிற மாதிரி, பதிலுக்கு இடம் விட்டுவிட்டு. பொம்பளைகள் எதையும் நம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டு கிளமென்ட் நடந்தார்.