பாதாள வாசலில் குனியாதே!

“என்ன ஆனாலும் குனியக் கூடாது! செருப்பு கழண்டாலும் சரி, காலடியில தங்கம் கெடந்தாலும் சரி. புரிஞ்சுதா?”

“மூணாவது தடவை சொல்லிட்டம்மா,” என்றான் சோசாஸ். “இந்தத் தொப்பைய வச்சுக்கிட்டு நான் குனிஞ்சே அஞ்சு வருஷம் ஆச்சு.”

அதைச் சொன்ன மிர்ரினே சிரிக்கவில்லை. அவள் அண்ணன் லைகோனும் சிரிக்கவில்லை. உச்சி வெயிலில் மூவரும் கல் படிகளில் இறங்கினார்கள். கீழே, நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய பள்ளமான முற்றம். அதன் கோடியில், செங்குத்தான பாறையின் அடியில், கறுத்த வாயைத் திறந்துகொண்டு நின்றது குகை. பாதாள தேவன் புளூட்டோனின் வாசல்!

ரோமானியர் ஆண்ட காலம் அது. ஃபிரிகியா மலைநாட்டில் லெவ்கோனா என்றொரு வெந்நீர் ஊற்று ஊர். அந்த வாசலால்தான் அதற்குப் பேரும் புகழும். விடியற்காலையில் பூசாரிகள் ஒரு காளையைக் குகைக்குள் நடத்திச் செல்வார்கள். கத்தி படாது, கயிறு இறுகாது. காளை நாலு அடி போவதற்குள் மூச்சுத் திணறி விழும். பக்கத்திலேயே நடந்த பூசாரிகளோ நிமிர்ந்தபடி திரும்பி வருவார்கள். ‘தேவனின் மூச்சு’ என்று மேலே படிகளில் நிற்கும் கூட்டம் மெய்சிலிர்க்கும்.

ஒன்பது நாளுக்கு முன் மிர்ரினேயின் அப்பா, சாயத் தொழிலாளி மெனாஸ், மனைவியின் காய்ச்சல் தீர வேண்டிக்கொண்டு அந்த வாசலுக்குள் போனார். தலைமைப் பூசாரி கல்லினோஸ் கூடப் போனான். திரும்பி வந்தது கல்லினோஸ் மட்டும்தான்.

“மெனாஸ் பாவி. தேவன் அவனை எடுத்துக்கொண்டான். உடல் தேவனுக்கே சொந்தம்,” என்று அறிவித்தான்.

அன்றிலிருந்து அவர்கள் சாயம் தோய்த்த கம்பளியை ஊரில் யாரும் தொடவில்லை. படுக்கையில் கிடந்த அம்மா கேட்டது இரண்டேதான்: “அவரை மண்ணுல சேத்துருங்க. அவரு பாவி இல்லன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்.” புதைக்காத உயிர் அக்கரை சேராமல் பாதாள ஆற்றங்கரையிலேயே அலையும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மிர்ரினேக்குக் கண்ணைத் திறந்துவிட்டது சோசாஸின் ஒரு பேச்சு. அவன் திராட்சை மதுக் கிடங்கில் வேலை செய்பவன், லைகோனின் கூட்டாளி. “ரசம் பொங்கிப் புளிக்கிற தொட்டிக்குள்ள சும்மா எறங்க மாட்டோம். மொதல்ல விளக்க எறக்குவோம். விளக்கு அணைஞ்சா ஆள் எறங்கக் கூடாது. போன வருஷம் ஒருத்தன் எறங்கினான், அவ்வளவுதான்!” என்றான் ஒருநாள்.

அவள் யோசித்தாள். தொட்டியில் அப்படி ஒரு காற்று அடியில் தங்குமென்றால், குகையிலும் தங்கலாமே! காளையின் மூக்கு எங்கே இருக்கிறது? பூசாரியின் மூக்கு எங்கே இருக்கிறது? காளையைவிட பூசாரி உயரம். மாயம் இவ்வளவுதானா? அந்தக் காற்று தண்ணீரைப் போல. கனமானது. பள்ளத்தில் தேங்கும். இரவின் குளிரில் ஏறி விடியலில் இடுப்புக்கு மேல் நிற்கும். வெயில் ஏறி காற்று வீசினால் கலைந்து முழங்காலுக்கு இறங்கும். அதனால்தான் பலி விடியலில். அதனால்தான் அவள் வந்தது உச்சி வேளையில், பூசாரிகள் உண்டு உறங்கும் நேரத்தில்.

குகை வாசலில், சோசாஸ் இன்னொரு விளக்கோடு நிற்க, அகல் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மார்பளவில் சுடர் நின்றது. இடுப்பளவில் நின்றது. முழங்காலுக்கு வந்ததும் சுருங்கி, கண்ணைச் சிமிட்டி, பொக்கென்று அணைந்தது!

“எங்க தொட்டியேதான்!” என்று சோசாஸ் முணுமுணுத்தான்.

“விளக்க ஏத்துங்கண்ணே. மெதுவா நடங்க. தலை சுத்துனா உடனே திரும்பணும்.”

உள்ளே வெக்கையும் ஈரமும் முகத்தில் அறைந்தன. தரையில் செத்த சிட்டுக்குருவிகள். நடுவே காணிக்கைகள்: பொன் வளையல்கள், வெள்ளிக் கிண்ணங்கள், ஒரு மணிமாலை! எடுக்க ஆள் இல்லாமல் மின்னின. குனிந்தவன் எழமாட்டான் என்பதால் காவலும் தேவைப்படவில்லை.

“மிர்ரினே, அந்தக் கொக்கியக் குடேன். ஒரே ஒரு வளையல்...”

“சோசாஸண்ணே!”

“சும்மா கேட்டேன்மா!”

அவள் கையில் இருந்தது சாயக் கொக்கி. கொதிக்கும் தொட்டியிலிருந்து நூல் சிட்டங்களைத் தூக்கும் நீளக் கழி. குனியாமல் ஒரு உடலை இழுக்க அதைவிட நல்ல கருவி ஏது?

இருபது அடி உள்ளே விளக்கொளி அவர் மேல் விழுந்தது.

மெனாஸ் ஓடவில்லை, புரளவில்லை. இரண்டு முழங்காலும் மண்ணில். நெற்றி மண்ணில். இரண்டு கையும் முன்னால் விரிந்திருந்தன. ஈயும் பிழைக்காத இடமாதலால் முகம் இன்னும் முகமாகவே இருந்தது.

மிர்ரினேக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்தி இல்லாதவன் நின்று கும்பிட்டுத் திரும்பியிருப்பான். அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். கும்பிட்டதே அவரைக் கொன்றது. கூட நின்ற கல்லினோஸ் ‘எழு’ என்று ஒரு சொல் சொல்லவில்லை.

“அப்பா!”

அவள் தடுப்பதற்குள் லைகோன் பாய்ந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டுவிட்டான். இரண்டே மூச்சு. அவன் தோள் தொய்ந்தது.

“அண்ணே! எந்திரி!”

 கொக்கியை அவன் இடைவாரில் மாட்டி இழுத்தாள். “தூக்குங்க! குனியாம தூக்குங்க!” சோசாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு கழியைப் பிடித்து ஒரே வீச்சில் தூக்கினான். லைகோனின் தலை மேலே வந்தது. கழுத்தைப் பற்றி வெளியே இழுத்துவந்து கல் படியில் சாய்த்தார்கள். அவன் இருமி, வாந்தியெடுத்து, நீலம் பாரித்த உதட்டோடு கண் திறக்க வெகுநேரம் ஆனது. பிறகு இருவரும் மறுபடி உள்ளே போய், தடுமாறித் தடுமாறி, மெனாஸைக் கொக்கியால் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

வெளியே ஊரே நின்றது! எந்தப் பூசாரி விழித்தானோ, மணி அடித்துவிட்டார்கள். எப்போதும் படியோடு நிற்கும் கூட்டம் ஆவலில் முற்றத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது.

“தேவனின் உடைமையைத் திருடினாயா?” என்று கல்லினோஸ் கர்ஜித்தான்.

“தேவனும் இல்ல, மூச்சும் இல்ல!” என்றாள் மிர்ரினே. “கீழ கெட்ட காத்து கெடக்கு. அவ்வளவுதான். நின்னா பொழைப்பீங்க, குனிஞ்சா சாவீங்க. இந்தாளுக்கு அது தெரியும். எங்கப்பாவுக்குத் தெரியாது. அவரு பாவி இல்ல. பாருங்க!”

குகை விளிம்பில் நின்று விளக்கை இறக்கினாள். அணைந்தது. ஏற்றி, உயர்த்திக் காட்டினாள். எரிந்தது. மறுபடி இறக்கினாள். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

கல்லினோஸ் ஒரு கணம்தான் திகைத்தான். பிறகு இரண்டு கையையும் உயர்த்தினான். “பார்த்தீர்களா! நெருப்பே இவள் சொல் கேட்கிறது! பாதாளம் போய்த் திரும்பியவள்! தேவன் இவளைத் தேர்ந்தெடுத்தான்!”

ஒரு கிழவன் மண்டியிட்டான். பிறகு ஒரு தாய், இடுப்புக் குழந்தையோடு. பிறகு எல்லோரும், காற்றில் சாயும் கோதுமை போல!

“ஐயோ, எந்திரிங்க! நான் என்ன சொன்னேன்? எந்திரிங்க!”

நெற்றிகள் இன்னும் தாழ்ந்தன. மிர்ரினே நிமிர்ந்து பார்த்தாள். சூரியன் பாறைக்குப் பின்னால் போய் முற்றம் முழுக்க நிழல் விழுந்திருந்தது. காற்றும் நின்றிருந்தது. கூட்டத்துக்கு முன்னால், முற்றத்துத் தரையில் சோசாஸ் வைத்த விளக்கு தானாகச் சிமிட்டி அணைந்தது. குகையிலிருந்து அது வழியத் தொடங்கிவிட்டது!

தாயின் மடியில் குழந்தை இருமியது.

நின்று விளக்க நேரமில்லை. விளக்கிய லட்சணத்தையும் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே வழி. அதைச் சொன்னால் என்ன போகும் என்பதும் அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தேவனோட கட்டளை!” தொண்டை கிழியக் கத்தினாள். “மண்டி போடுறவங்கள தேவனுக்குப் பிடிக்காது! எந்திரிங்க! நின்னு கும்பிடுங்க! படியேறி ஓடுங்க!”

கூட்டம் ஒரே ஆளாக எழுந்தது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தாய் ஓடினாள். முற்றம் காலியானது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மறுநாள் மெனாஸை ஊருக்கு வெளியே புதைத்தார்கள். தேவன் தேர்ந்தெடுத்தவள் கேட்டதால் அனுமதி கிடைத்தது. ஊரே வந்தது. மிர்ரினே தொட்ட கம்பளியை வாங்க அடிதடி. மண் தள்ளும்போது பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

“எதுக்காம் மெனாஸ எடுத்துக்கிட்டாரு தேவன்?”

“தெரியாதா? சன்னிதியில மண்டி போட்டாராம். கட்டளைய மீறினவரு. மக சொல்லித்தான் ஊருக்கே தெரிஞ்சுது.”

லைகோன் அவள் பக்கம் திரும்பினான். “ஏன் மிர்ரினே அப்படிச் சொன்ன? அவரு பாவி இல்லன்னு சொல்லணும்னுதானே அம்மா கேட்டாங்க?”

“நெசத்த மொதல்ல சொன்னேன் அண்ணே. மண்டி போட்டாங்க. பொய்யச் சொன்னேன். எந்திரிச்சாங்க.” அவள் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். “அந்தக் கொழந்தை இருமுனத நீ கேக்கல.”

வாசலில் கல்லினோஸ் ஒரு கல் நட்டான்: ‘நின்று வணங்கு. மண்டியிட்டவனைத் தேவன் மன்னிப்பதில்லை.’ அதற்குப் பிறகு அந்தக் குகையில் காளைகள் செத்தன, குருவிகள் செத்தன. மனிதர் ஒருவரும் சாகவில்லை. சிட்டங்களைச் சுமந்துகொண்டு தினமும் அந்த வழியே போன மிர்ரினே, அந்தக் கல்லை ஒருநாளும் நின்று படிக்கவில்லை. அதில் இருந்தது அவள் வாயிலிருந்து வந்த சொல்தானே!