யாரோ கழுவிய பாத்திரங்கள்

சோப்பு போட்டு வைத்த பாத்திரத்தில் சோப்பைக் காணோம்.

பிரபாவதி முதலில் தன் மறதியைத்தான் திட்டிக்கொண்டாள். ஒன்பது மாத வயிறு சிங்க்கில் இடிபடாமல் ஒருக்களித்து நின்றபடி, ஒரு குண்டான், இரண்டு தட்டு, மூன்று டம்ளர், ஒரு கரண்டி என்று ஏழையும் நுரை பொங்கத் தேய்த்து அடுக்கிய நேரத்தில் குழாய் கொர்ரென்று இருமிவிட்டு நின்றுபோயிற்று. மாடித் தொட்டி காலி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்தால் ஏழு பாத்திரமும் பளபளவென்று இருக்கின்றன. நுரை இல்லை. ஒரு பொட்டு வழுவழுப்பு இல்லை. குழாயைத் திருகினாள், வெறும் காற்றுதான் வந்தது.

தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஈரம் இருந்தது, தண்ணீரின் ஈரம் இல்லை. மெல்லிய கோடு கோடாக, எல்லாம் ஒரே பக்கமாக, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. மூக்கருகே கொண்டுபோனாள். லேசான கவிச்சை. மத்தியானம் மூன்று மணி வெயிலில் கீழே ஷேர் ஆட்டோக்காரன் "ஜங்ஷன், ஜங்ஷன்" என்று கூவிக்கொண்டு போனான். அவள் அடுப்பில் வென்னீர் போட்டு, ஏழையும் மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள்.

சுத்தம் என்பது அவளுக்கு இப்போது உயிர்ப் பிரச்சினை. இரண்டு தடவை வயிற்றில் தங்கிக் கலைந்துபோன பிறகு, நிலைத்த பிள்ளை இது. அலையவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால் திருவக்கரைப் பக்கத்து அம்மா வீட்டுக்குக்கூடப் போகாமல், விழுப்புரத்தில் இந்த மாடி வீட்டிலேயே கிடக்கிறாள். வளைகாப்பும் இங்கேயேதான் நடந்தது. அது முடிந்த வாரம், டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்: "வீட்டுல பூனை வளக்கிறீங்களா? அது கழிவுல ஒரு கிருமி இருக்கலாம்மா, வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது. அது போற மண்ணை நீ அள்ளாத, வீட்டுக்காரரை அள்ளச் சொல்லு. அதோட தட்டு தனி, தேய்க்கிற நார் தனி. கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவு, போதும். பூனையை விரட்டல்லாம் வேணாம்."

பயந்தவள் காதில் கடைசி வார்த்தை ஏறுமா? பத்து நாள் அவள் அத்தனையும் செய்தாள். பூனை வெள்ளச்சிக்குத் தனித் தட்டு, தனி நார், தனி வாளி. பூனை உரசிப்போன கதவைக்கூடத் துடைத்தாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புளி பட்டால் உயிர் போகிற எரிச்சல். பதினோராம் நாள் காலையில், தான் பாதி குடித்து வைத்த டம்ளருக்குள் வெள்ளச்சி முகத்தை விட்டிருப்பதைப் பார்த்தாள். அன்றைக்கே சாக்கு வந்தது.

"தண்ணி தாண்டி வுட்டுட்டா பூனை திரும்பாது" என்று கீழ்வீட்டு முனியம்மாள் யோசனை சொன்னாள். பிரபாவதியின் புருஷன் தென்னரசு திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன். ரயிலில் போகிறவன், அன்றைக்கு மட்டும் பைக்கில் மூட்டையை வைத்துக்கொண்டு விக்கிரவாண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனான். அதோடு விட்டது சனியன் என்று அவள் வீட்டை மூன்று தரம் கழுவிவிட்டாள். அது நடந்து ஒரு மாதம் ஆகிறது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட தட்டை சிங்க்கில் போட்டுவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். ஐந்து நிமிஷம் இருக்காது. திரும்பி வந்தபோது தட்டில் கறிவேப்பிலையும் மிளகாயும் மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. மற்றபடி ஒரு பருக்கை இல்லை, குழம்புக் கறை இல்லை, எஃகு அவள் முகத்தையே காட்டியது. ஜன்னல் சாத்தியிருந்தது, கதவு தாழ் போட்டபடி இருந்தது. அவள் மெல்லக் குனிந்து அடுப்பு மேடைக்குக் கீழே பார்த்தாள். சிலிண்டரும் அரிசி டிரம்மும் இருந்தன.

"பிரபா!" கீழேயிருந்து முனியம்மாள் கூப்பிட்டாள். "பூனை வந்துடுச்சா?"

"இல்லியேக்கா. ஏன்?"

"இல்ல, மத்தியானம் ஆனா மேல சளக்கு சளக்குன்னு நக்கிக்கினு கெடக்குது. எங்க வூட்டு சிங்க்குக்கு நேரா கேக்குது. எலி கிலியா இருக்கும், பாத்துக்கோ. வாயும் வயிறுமா இருக்கிறவ வெயிட்டைக் கியிட்டைத் தூக்காத." கொஞ்ச நேரம் கழித்து அவளே, "பாவம், அது இந்நேரம் குட்டி போட்டிருக்கும்ல?" என்றாள்.

பிரபாவதி குழாயைத் திருகி மறுபடி கையைக் கழுவ ஆரம்பித்தாள்.

தென்னரசு ஏழு மணி ரயிலில் வந்தான். அவன் முகம் கழுவும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, அன்னைக்கு மூட்டைய அவுத்துதானே வுட்டீங்க?"

"எந்த மூட்டை?" என்றான். பிறகு துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தான். "வுட்டேன் வுட்டேன்."

"எம்புள்ள மேல கைய வெச்சு சொல்லுங்க."

கையை வைக்கவில்லை அவன். கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "திண்டிவனத்துக்கு இந்தாண்ட ஒரு ஏரிம்மா. உள்ள கெடந்து அப்பிடிக் கத்துது, பிராண்டுது, ரோட்டுல போறவன்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறான். நீ போட்ட முடிச்சு வேற, மூணு முடிச்சு, அவுக்கவே வரல. கடைக்கு நேரமாயிடுச்சு. கரையில வெக்கலாம்னுதான் தூக்கினேன். அது துள்ளுச்சு, கை வழுக்கிடுச்சு."

"தண்ணியிலயா?"

அவன் தலையை ஆட்டினான்.

அவள் அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. மூன்று முடிச்சு போட்டது யார்? அவள்தானே. சாக்கின் வாயைச் சுருக்கும்போது அவள் கையில் பட்டது வெள்ளச்சியின் வயிறு. தொங்கிப்போய், கதகதவென்று, உள்ளே குட்டிகள் நெளிய நெளிய. தெரிந்துதான் கட்டினாள். தன் பிள்ளைக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. "போன பேஜாரை ஏன் இழுத்துக்கினு இருக்கிற, தூங்கு" என்று அவன் விளக்கை அணைத்தான்.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும், பரணில் கிடந்த கல்யாண அண்டாவைத் தவிர, வென்னீரில் போட்டுக் கழுவி, துடைத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சிங்க்கில் ஒன்றும் இல்லை. நக்குவதற்கு ஒன்றுமே இல்லை. வாழையிலையில் சாப்பிட்டு, இலையைக் கீழே கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். வரட்டும், எதை நக்கும் என்று பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

மின்விசிறிக்குக் கீழே பாயில் ஒருக்களித்துப் படுத்தவளுக்குக் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது நாலு மணி. ஏதோ சௌகரியமாக இருந்தது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கை எரியவில்லை. ஒரு மாதமாக எரிந்த கை. தூக்கிப் பார்த்தாள். வெடிப்புகளில் உறைந்திருந்த ரத்தப் பொருக்கு ஒன்றுகூட இல்லை. உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் குழந்தையின் கை மாதிரி இளஞ்சிவப்பாக, ஈரமாக. வளையல்களின் உள்பக்கம்கூடத் துடைத்திருந்தது. காலை மடக்கிப் பார்த்தாள். மாடிப்படியின் செம்மண் ஒட்டியிருந்த பாதம் சுத்தமாக இருந்தது.

புடவையை விலக்கினாள்.

வயிறு முழுக்கச் சிவந்திருந்தது. மெல்லிய கோடு கோடாக. எல்லாம் ஒரே பக்கமாக.

ஐயோ என்று கையை ஊன்றி எழுந்தாள். குளியலறைக்கு ஓடினாள். டெட்டாலை வாளியில் பாதி பாட்டில் கவிழ்த்து, வயிற்றைத் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள், தோல் வழன்று எரிய எரியத் தேய்த்தாள். கவிச்சை போகவில்லை. டெட்டால் நெடிக்கு அடியில், சோப்பு வாசனைக்கு அடியில், ஏரித் தண்ணீர் நாற்றமும் சேர்ந்து அங்கேயே இருந்தது.

துடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் நினைப்பு வந்தது. காலையிலிருந்து பிள்ளை உதைக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு அசைவை எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. குறைஞ்சது பத்து இருக்கணும் என்றார். அவள் எண்ணவே இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். "செல்லம்... டேய் கண்ணு... ஒரு தடவ உதைடா." கல் மாதிரி இருந்தது. சர்க்கரையை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். இடது பக்கம் சாய்ந்து படுத்தாள். எழுந்தாள். ஒன்றும் இல்லை.

போனை எடுத்தாள். "ஏங்க, வந்துடுங்க. ஜல்தி வாங்க. புள்ள அசையல."

"அழாத, தோ கெளம்பிட்டேன். பஸ்ஸ புடிச்சு வர்றேன். முனியம்மாக்காவக் கூப்புடு!"

"அக்கா!" என்று கத்தினாள். கீழே பூட்டு தொங்குவது கைப்பிடிச் சுவரிலிருந்தே தெரிந்தது. படி இறங்கக் காலை வைத்தாள். விழுந்தால் அதோடு போச்சு. திரும்பி வந்தாள்.

பீரோவின் பூட்டைத் திறந்தாள். தன் டம்ளரை எடுத்து, அதில் பால் ஊற்றி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து முன்னால் வைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டது யாரை என்று அவளுக்கே தெரியும்.

"நாந்தான் கட்டினேன். தெரிஞ்சுதான் கட்டினேன். எங்கிட்ட வா. என்னை என்ன வேணாலும் செய்யி. எம்புள்ள ஒன்னும் பண்ணலடி உனக்கு. வெள்ளச்சி, எம்மா, அத வுட்டுடு."

பால் அப்படியே இருந்தது. மேலே மெல்ல ஆடை கட்டியது. ஈ ஒன்று உட்கார்ந்தது. எங்கோ தூரத்தில் ரயில் கூவிற்று. சளக்கு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சிங்க்கில் இல்லை. பீரோவில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. வீடு அவ்வளவு அமைதி.

அப்போது வயிற்றில் அசைவு தெரிந்தது.

"சாமி..." என்று அவளுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. சிரித்தாள்கூட. கையை அங்கே வைத்தாள்.

உதை இல்லை அது.

இழுவை. வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, மெதுவாக, அழுத்தமாகக் கீழே இறங்கிய ஒரு இழுவை. சொரசொரப்பாக. நின்றது. மறுபடி அதே இடத்தில் ஆரம்பித்தது. மேலிருந்து கீழே. நின்றது. மறுபடி.

உள்ளேயிருந்து.

அவள் மூச்சு விடவில்லை. கைக்குக் கீழே, ஆழத்தில், ஒரு கர்ர்ர். சத்தமாக இல்லை, உள்ளங்கைக்கு மட்டும் தெரிகிற அதிர்வு. திருப்தியாக. அவசரமே இல்லாமல்.

அந்த நாக்கு வலது பக்கத்தை முடித்தது. கொஞ்சம் நகர்ந்தது. இடது பக்கம் ஆரம்பித்தது. அங்கேயும் ஏதோ சின்னதாக நெளிந்து கொடுத்தது.

ஸ்கேனில் ஒரு பிள்ளைதான். மூன்று தடவை பார்த்தார்கள். ஒன்றுதான்.

இடதும் முடிந்தது. தொப்புளுக்குக் கீழே போனது. நக்கியது. அங்கேயும் நெளிந்தது.

அடுத்தது.

அதற்கும் அடுத்தது.